எங்களாலும் திறக்க முடியாது

"உங்கள் படங்களை எங்களாலும் பார்க்க முடியாது" என்று அந்தக் கம்பெனி விளம்பரத்தில் பீற்றிக்கொண்டதை நம்பித்தான், படங்களைப் பூட்டிவைக்கும் அந்த ஆப்பை என் போனில் ஏற்றினேன். எந்த நாட்டுக்காரர்களோ தெரியாது. இன்று அந்த வாசகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரே தொழிற்சாலையில் எனக்கு பேக்கிங், என் கணவருக்கு பிரஸ் மெஷின். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. உற்பத்தி குறைகிறதென்று அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. தொங்கிய ஒயரை அன்றே படம் எடுத்தேன். வெளியே போகும்போது கேட்டில் செக்யூரிட்டி எல்லோருடைய கேலரியையும் நோண்டுவான். அதனால் படங்களை ஆப்பில் போட்டு, கேலரியில் அழித்தேன். மறுநாளே ஒயரை மாட்டிவிட்டார்கள் பாவிகள்.

அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்றது நிர்வாகம். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. எங்களிடம் இருந்தது அந்தப் படங்கள் மட்டும்.

விசாரணைக்கு முந்தைய நாள் போனை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் போனில் எது திறக்காவிட்டாலும் செல்போன் கடைக்குத்தான் ஓடுவோம். கடைக்காரர் ஓடிபி வாங்கிப் புது பாஸ்வேர்டு போட்டுத் தருவார்.

அவர் கடைக்குப் போய் வந்தது சாயங்காலம் வீடு திரும்பியதும்தான் தெரிந்தது. "இன்னாய்யா பண்ணிக்கினு வந்த?" என்றேன்.

"நாளைக்கு இன்னா சொல்றதுன்னு படத்த ஒருதபா பாக்கலாம்னு நெனச்சேன்மே. பாஸ்வேர்டு கேட்டுது. கடைல புதுசு போட்டுக் குடுத்தாரு."

"நான் ஊட்டுக்கு வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

புது பாஸ்வேர்டைப் போட்டேன், ஆப் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் பழையதெல்லாம் போய்விடும் என்று அது ஆங்கிலத்தில் எச்சரித்ததாம். கடைக்காரர் வழக்கம்போல ஓகே அமுக்கியிருக்கிறார்.

ஆப் கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சினேன். உடனே பதில் வந்தது. படங்களைத் திறக்கும் சாவி பழைய பாஸ்வேர்டோடு உங்கள் போனிலேயே அழிந்துவிட்டது, அதன் நகல் எங்களிடம் இல்லை, எங்களாலும் திறக்க முடியாது, உங்கள் அந்தரங்கமே எங்களுக்கு முக்கியம் என்று தேன் ஒழுக எழுதியிருந்தார்கள். யார் கேட்டது அந்தரங்கத்தை? ஊரே பார்க்கட்டும் என்றுதானே எடுத்தேன்!

விசாரணையில் நிர்வாகத்தின் ஆள் சிரித்துக்கொண்டே, "சென்சார் எப்பவும் வேல செய்யுது சார். வேணும்னா வந்து பாருங்க" என்றான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட எதாச்சும் ஆதாரம் இருக்காம்மா?"

"இருந்துச்சு சார்" என்றேன்.

பக்கத்தில் என் கணவர், தப்பு செய்தவர் மாதிரி, வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.