விறைப்பு ஊசி போட்ட கால்

கண்டி மலைநாட்டில் பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவன் நான். போன வருடம் காவடித் திருவிழாவன்று காலையில், தேயிலை மலையில் சறுக்கி விழுந்த ராசு அண்ணன் வீங்கிய கணுக்காலோடு வந்தார்.

"கண்டிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கண்ணே," என்றேன்.

"காவடி எடுக்கிறதா நேந்துக்கிட்டேங்க ஐயா. இன்னைக்கு மட்டும் வலிக்காம பண்ணி விடுங்க."

அவர் கண் கலங்கியதும் மனம் இளகி, கால் மரத்துப்போகிற விறைப்பு ஊசி போட்டேன். வலி தெரியாமல் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஆடினார். கீறல் விட்டிருந்த எலும்பு அந்த ஆட்டத்தில் விலகிப்போனது மறுநாள் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

இப்போது நொண்டி நடக்கிறார். "வலியில்லாம காவடி எடுத்தேன்ல, அதான் சாமி குத்தமாயிருச்சு," என்கிறார்.

அது சாமி குத்தமல்ல, என் குற்றம். அதை அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.