அவன் முகத்தை மட்டும் மறைத்தார்கள்

அன்றைக்கு எங்கள் சாப்பாட்டுக் கடையில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், ஏரியூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, தர்மபுரியில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய், அப்புறம் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு லாரி டிரைவர். அதியமான்கோட்டையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மீந்திருந்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட உட்கார்ந்தவர். மணி மூன்று இருக்கும். அடுப்பை அணைத்தாயிற்று. அணைத்தேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

டிரைவரைத் தவிர மற்ற நால்வரும் உட்கார்ந்தது எங்கள் படத்தைப் பார்க்க. நாங்கள் பணம் போட்டு ஏமாந்த நிதி நிறுவனத்தைப் பற்றிச் சென்னையிலிருந்து வந்து எடுத்துக்கொண்டு போன ஆவணப்படம். அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. என் போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்தேன்.

அந்த நிறுவனம் மூடிய பிறகு இந்த மாதிரிப் படம் எதையும் நான் விட்டதில்லை. வெங்காயம் அரிந்துகொண்டே பார்ப்பேன். பாங்கை ஏமாற்றியவன், ஷேர் மார்க்கெட்டைக் கவிழ்த்தவன், தமிழ் பேச வைத்த வெளிநாட்டுப் படங்கள். எட்டாவதோடு நின்ற எனக்குப் பாதி புரியாது. நாம் எந்த இடத்தில் தப்புப் பண்ணினோம் என்று எதிலாவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் பார்த்தேன். சொல்லவே இல்லை. கண்ணாடிக் கட்டடம் வரும். கோட்டுப் போட்டவன் வருவான். அவன் எப்பேர்ப்பட்ட மூளைக்காரன் என்று நாலு பேர் வியந்து பேசுவார்கள். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இத்தனை வருஷம் ஜெயில் என்று போட்டு முடிப்பார்கள். பணம் போட்டவர்களுக்கு ஒரு நிமிஷம் உண்டு. அழுவதற்கு.

எங்கள் படம் அப்படி இருக்காது என்று நம்பினேன். எடுக்க வந்த பெண் அத்தனை பிரியமாகப் பேசினாள். வீட்டுக்காரரின் அக்காவை, என் அண்ணியை, கேமரா முன்னால் நிற்க வைத்தது நான்தான். அந்த நிறுவனத்தில் அவரைப் பணம் போட வைத்ததும் நான்தான். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகன் அனுப்பியது, இரண்டு கறவை மாடு விற்றது, எல்லாமே போயிற்று. பாங்கில் இருக்கிறது என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தார். ஊரிலும் ஒருவருக்கும் தெரியாது. “மொகம் தெரியாதுன்னா வர்றேன்” என்றார். நான் அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டேன். மனசு ஆறாமல் மறுநாள் போனிலும் கேட்டேன். “கண்டிப்பா மறைச்சிடுவோம்க்கா” என்றாள். இங்கிலீஷில் இருந்த தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

படம் ஓட ஆரம்பித்தது. ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. கதவு திறந்து, பளபளவென்று ஒரு ஷூ மெதுவாகத் தரையில் இறங்கியது. பின்னால் காதைப் பிளக்கும் மியூசிக். முதலாளியாக நடிக்க ஆள் பிடித்திருந்தார்கள்.

சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்த டிரைவர், “யாருக்கா இது? செம மாஸா எறங்குறாரு” என்றார்.

“எங்க பணத்த தூக்கிக்கிட்டு ஓடுனவனுங்க” என்றார் வீட்டுக்காரர்.

“இந்த மியூசிக்க போட்டா நாங்கூட ஓடுவேன்” என்றார் பாய்.

அடுத்து நிஜ முதலாளியின் போட்டோ. முகம் முழுக்கக் கலங்கலாக இருந்தது. நிறுவனத்தின் பெயர் வரும்போதெல்லாம் ‘பீப்’ என்று ஒரு சத்தம்.

“பாத்தியாம்மா, அவம் மூஞ்சில மட்டும் தோச மாவ ஊத்தி வுட்டிருக்கானுங்க” என்றார் பாய்.

அப்புறம் நாங்கள் வந்தோம். பூட்டிய ஷட்டருக்கு முன்னால், மொட்டை வெயிலில். என் மூக்குத்திக் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கேமரா என்னை விட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்ற அண்ணியிடம் போயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் கட்டி வழிகிறவரைக்கும் அங்கேயே நின்றது. கடையில் என் பக்கத்தில் இருந்த அண்ணி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“ஆசப்பட்டுத்தானுங்க போட்டோம்” என்று படத்தில் நான் சொல்கிறேன். உடனே கணீரென்று ஓர் ஆண் குரல், இந்த எளிய மக்களின் பேராசையே அவர்களுக்கு வினையானது என்கிறது.

நான் ஆசை என்றுதானே சொன்னேன்? அதைப் பேராசை ஆக்க இவன் யார்? அண்ணிக்குத் தன் கொல்லையில் தண்ணீருக்கு ஒரு போர் போட வேண்டும், அவ்வளவுதான். ஆறு மாதம் வட்டியை ஒழுங்காகக் கொடுத்து நம்ப வைத்தவனுக்கு இருந்ததற்குப் பெயர் என்ன? அவனை அந்தக் குரல் ‘சாமர்த்தியசாலி’ என்றது. சொம்பிலிருந்து போனை உருவி, படம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

“மொகத்த மறைக்கிறேன்னு சொன்னீங்களே?”

“மொகம் தெரிஞ்சாத்தான் பாக்கறவங்க மனசுல தைக்கும்னு மேல சொல்லிட்டாங்கக்கா.”

“அவன் மொகம் தைக்காதா?”

“கேஸ் நடக்குதுல்லக்கா. காட்டுனா அவரு எங்க மேல கேஸ் போட்டுடுவாரு.”

“நாங்க போட மாட்டோம், போட வக்கில்ல. அதான?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கக்கா” என்றாள்.

பாண்டு பத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது அந்த நிறுவனத்தின் மேனேஜர் சொன்னதும் இதே வார்த்தைதான். அவன் ஏசி ரூமில் உட்கார்ந்து சொன்னான். இவள் எங்களுக்காக நியாயம் கேட்க வந்தவள்.

“எங்கண்ணி அழுவறத பாக்கறாங்களே, அதுக்கு உங்களுக்குக் காசு வருதா?”

“அப்பிடிக் கேக்காதீங்கக்கா” என்று வைத்துவிட்டாள்.

டிரைவர் சாப்பிட்ட காசை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். அண்ணி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “நீ மூணு வாட்டி கேட்ட. நாந்தான் பக்கத்துல இருந்தனே” என்றார். திட்டியிருக்கலாம். “ஞாயித்துக்கிழம சர்ச்சுப் பூசைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?” என்று மட்டும் கேட்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. மகன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

“எடுக்காதக்கா, நான் பொறவு பேசிக்கறேன்” என்றார் வீட்டுக்காரர்.

அண்ணி எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில், கலவை மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. “ஏம்மா, படத்துல வர்றது நீதான?”

“நாந்தாண்டா சாமி.”

“பாங்குல இருக்குதுன்ன?”

மிஷின் நின்றது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எவ்ளோம்மா?”

“உங்கத்தகிட்ட கேளு” என்று போனை என் கையில் வைத்தார்.

நான் வட்டி வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். போலீசில் மனுக் கொடுத்திருக்கிறோம், அவன் சொத்தை விற்றுத் தருவார்களாம் என்று என்னென்னவோ சொன்னேன்.

“அதெல்லாம் இருக்கட்டுங்க அத்த. அவன் எங்களுக்கு எவ்ளோ தரணும்? அத மட்டும் சொல்லுங்க.”

“மூணு லட்சத்து நாப்பதாயிரம்” என்றேன்.