ஒரு சைஸ் பெரிய அடுப்பு

கடையில் மாமா இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டியது இன்னும் என் கண்முன்னே நிற்கிறது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில் அவர்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு ஜெர்சி சிட்டிக்கு வேலைக்குப் போய்வந்தேன். பொள்ளாச்சியில் மார்கழிக்கே இரண்டு போர்வை கேட்கும் அக்கா, அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்திலேயே துவண்டுபோனாள். பொங்கல் கழிந்ததும் ஊருக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். நிதானமாகச் சொன்னாள். மாமா ஆடிப்போய்விட்டார்.

கூடத்தில் செங்கல் கணப்பு ஒன்று இருந்தது. அதில் விறகு போட்டால் சூடெல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். அதற்குள் செருகிவைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பு கிடைக்கும், இன்சர்ட் என்பார்கள். அதை வாங்கத்தான் நானும் மாமாவும் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. கணப்பின் வாய் அளவைக் குறித்துக்கொண்டு, வைக்கப்போகும் அறை எவ்வளவு பெரிது என்று கேட்டார். மாமா கூசாமல் மொத்த வீட்டின் ஸ்கொயர் ஃபீட்டைச் சொல்லிக் கையையும் விரித்தார். அறைக்கு மிஞ்சிய அடுப்பு வேண்டாம், பக்கத்தில் உட்கார முடியாது, சூடு தணியக் காற்றைக் குறைத்து எரித்தால் புகை மண்டும் என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாமா கேட்டால்தானே! பள்ளிக்கூட யூனிபார்மைக்கூட ஒரு சைஸ் பெரிதாகத் தைத்துப்போடும் வம்சம் எங்களுடையது. "வாங்கறது வாங்கறோம் மாப்ள, பெருசாவே வாங்கிப்போடலாம். உங்கக்காளுக்குக் குளிரவே கூடாது" என்றார்.

பொங்கலன்று மூட்டினோம். கொஞ்ச நேரம் சொர்க்கமாக இருந்தது. அப்புறம் அக்கா போட்டிருந்த ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மாமா பனியனுக்கு வந்துவிட்டார். காற்றைக் குறைத்தால் கண்ணாடி கறுத்தது, கதவைத் திறந்தால் அறையெல்லாம் புகை. கடைசியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டே மூவரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். வியர்த்து வழியும் மாமாவைப் பார்த்து அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. அவள் சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது! மாமா விசிறுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஊருக்குப் போகவில்லை. அடுப்பையும் அவர்கள் மாற்றவில்லை. விறகைச் சின்னதாகப் பிளந்து, ஒன்றிரண்டாகப் போட்டே எத்தனையோ குளிர்காலங்களை ஓட்டினார்கள்.

மாமா இப்போது இல்லை. அக்கா டெக்சஸில், ஆலனில், மகள் வீட்டில் இருக்கிறாள். வருஷத்தில் பாதி நாள் ஏசி ஓடும் ஊர் அது. போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, அன்றைக்கு ஏன் மனசு மாறினாய் என்று கேட்டேன்.

"இந்த மனுசனைத் தனியா விட்டுட்டுப் போனா வீட்டையே கொளுத்திக்குவாருன்னு பயம் வந்துருச்சுடா" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, மெதுவாகச் சொன்னாள்: "விட்டுட்டுப் போக எனக்குத்தான் மனசு வரல. அவருக்கு வந்துருச்சு பாரு."