கனி பாய் வரைந்த நாமம்

முகம்மது கனிக்கு வரைவதைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காக வராது. சைக்கிள் விடத் தெரியாது, கடையில் பேரம் பேசத் தெரியாது. சுருட்டுக் கட்டுக்கோ சீயக்காய்ப் பொட்டலத்துக்கோ லேபிள் வரையச் சொன்னால் மட்டும் மனிதருக்கு உயிர் வந்துவிடும். திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னாலிருந்த ஓர் அச்சகத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் முதலாளி மெஷினை விற்றுவிட்டு மதுரைக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். கனி நடுத்தெருவில் நின்றார்.

மனைவி கமருன்னிசாவின் அண்ணன் தாஜுதீனுக்குச் செம்பட்டில் தோல் மண்டி. நல்ல மனிதர். மண்டியில் வந்து உட்காருங்கள் மச்சான் என்று அடிக்கடி சொல்லியனுப்பினார். அந்த நல்ல மனசுதான் கனியைப் பயமுறுத்தியது. அந்த நாற்றத்துக்குள் ஒரு தடவை போய் உட்கார்ந்தால் அப்புறம் பிரஷ்ஷைத் தொடப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பொங்கல் வரைக்கும் பொறு, அதற்குள் வரைகிற வேலை கிடைக்காவிட்டால் மண்டிக்கே போகிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார்.

தெரிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார். பேப்பர் கடைக்காரர்கள், அச்சுக்குப் பிளாக் செய்கிறவர்கள், உறையூர் சுருட்டு முதலாளிகள் எல்லோரும் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து, "பாக்கலாம் பாய்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று திருச்சிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் கனி வெளியே போவதையே விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து சக்ரபாணி தேடிக்கொண்டு வந்தார். பழைய அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர், சொக்கத் தங்கம். உத்தர வீதியில் அழகிரி என்றொருவர், வைஷ்ணவர்கள் நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் திருமண்ணும் ஸ்ரீசூர்ணமும் விற்கிறார். இனி பொட்டலம் வேண்டாம், அட்டைப்பெட்டியில் போடலாம் என்று அவருக்கு ஆசை வந்திருக்கிறது. நல்ல லேபிள் வரைய ஆள் உண்டா என்று கோயிலில் வைத்துக் கேட்டாராம். சக்ரபாணி சட்டென்று கனியின் பெயரைச் சொல்லிவிட்டார். இது பிடித்துவிட்டால் அழகிரிக்குப் பழக்கமான ஊதுவத்திக்காரர், சந்தனக்காரர் அத்தனை பேரும் கனியிடம் வருவார்கள் என்றார். கமருன்னிசா அன்றைக்குச் சேமியாப் பாயசம் வைத்தாள்.

கனி ஸ்ரீரங்கம் போய் அழகிரியைப் பார்த்தார். நடுவில் பெரிய நாமம், இரண்டு பக்கமும் தாமரை, அவ்வளவுதான் வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்னால் கடைக்கு வந்தாக வேண்டும். அழகிரியின் நெற்றியையும் கனி பார்க்காமல் இல்லை. நாமத்தின் அடியில் மூக்கு வரைக்கும் ஒரு கோடு இறங்கியிருந்தது. அவசரத்தில் இட்டுக்கொண்டிருக்கிறார், வழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அட, அவர் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது.

சக்ரபாணியை ஜன்னலோரம் உட்காரவைத்து அவர் நெற்றியைப் பார்த்துத்தான் கனி வரைந்தார். புருவ நடுவிலேயே வளைந்து நின்றுவிடும் அழகான நாமம். முடித்ததும் சக்ரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமாளே உம்ம கையில் வந்து உட்கார்ந்திருக்கிறார் ஓய் என்றார். அழகிரி கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போகும்போது, சக்ரபாணி பார்த்தால் நான் பார்த்த மாதிரி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லேபிள் அச்சாகிப் பெட்டிகளிலும் ஒட்டியாகிவிட்டது.

அழகிரி திரும்பி வந்து ஒரு பெட்டியை எடுத்தார். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டார். அவர் தென்கலை, கடைக்கு வருகிற கூட்டமும் தென்கலை. அவர்கள் நாமத்துக்கு மூக்கில் பாதம் உண்டு. பெட்டியில் இருந்தது பாதமில்லாத வடகலை நாமம், ஏனென்றால் சக்ரபாணி வடகலை. இந்த வித்தியாசத்துக்காகக் கோர்ட்டு வரை போனவர்கள் இருக்கிற மண் இது. சக்ரபாணிக்கு அது தெரியாதா? தினமும் கண்ணாடியில் பார்க்கிற நாமத்தில் மனுஷன் என்ன குற்றம் கண்டுபிடிப்பான்?

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க பாய்" என்றார் அழகிரி. "ஆனா இதக் கடையில வச்சா நாளைக்கு என் வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏகாதசிக் கூட்டத்துக்கு அழகிரி பழையபடி பொட்டலம்தான் கட்டினார். சக்ரபாணி வெட்கத்தில் தலை காட்டவில்லை.

"பாத்துத்தானே வரைஞ்சீங்க?" என்று கமருன்னிசா கேட்டாள். பார்த்துத்தான் வரைந்தேன் என்றார் கனி. அதுதான் அவரைத் தின்றது. பிறந்ததிலிருந்து பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அச்சகத்திலும் அந்த நெற்றிகளுக்கு நடுவில்தான் இருந்தார். நாமம் இரண்டு விதம் என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை. கண்ணை நம்பிப் பிழைத்த மனிதர் அதற்குப் பிறகு வெற்றுக் காகிதத்தின் முன்னால் உட்காருவார், எழுந்துவிடுவார்.

பொங்கல் கழித்து சக்ரபாணி எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு வந்தார். ஊதுவத்திக் கம்பெனிக்காரர் ஒருவரை நாயாய் அலைந்து பிடித்திருந்தார். மயில் படம் போட்டால் போதும், அதில் ஒரு தகராறும் வராது என்றார்.

கனி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"வேணாம் சாமி. மயிலயும் நான் சரியாப் பாத்திருக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் செம்பட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். கமருன்னிசா வாசல் வரை வந்தாள். போகாதீர்கள் என்று சொல்வாளோ என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்தாள்.