அத்தான் கேட்ட ஓபரா சொல்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்து. பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, காற்றாடிக் காற்றில் பறக்காமலிருக்க உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்த இரண்டு ஓபரா இசைநாடக டிக்கெட்டுகளை.

அன்று மாலை அத்தான் தன்னுடன் வர வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதே நேரத்தில் தொலைக்காட்சியில் பந்தாட்டம். இத்தகைய வழக்குகளை அந்த வீட்டில் சொற்போட்டியில்தான் தீர்ப்பார்கள். ஒருவர் அரிய சொல் ஒன்றைக் கேட்பார். மற்றவர் அதைத் தமிழில் விளக்க வேண்டும். முடியாவிட்டால் கேட்டவரே விளக்கிப் புள்ளியை எடுத்துக்கொள்வார். நாளிதழில் பிழை திருத்துபவன் என்பதால் நான் நடுவர்.

அத்தானுக்குக் கிள்ளானில் காலணிக் கடை. “பேட்டன்” என்றார். அக்கா விழித்தாள்.

“அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க சேறு படாம ஷூவுக்கு அடியில மாட்டுன மரக்கட்டை. ஷூவுக்கே செருப்பு லா!”

அக்காவுக்கு ஆய்வுக்கூட வேலை. “ஆட்டோஃபேகோசோம்” என்றாள். இப்போது அத்தான் விழித்தார்.

“செல்லுக்குள்ள பழசாப்போனத சுத்தி வளைச்சுப் பிடிக்கிற பை. அப்புறம் அத செல்லே செரிச்சிடும். ஃபிரிட்ஜ்ல மிச்சம் மீதிய நீங்க தேடிப் பிடிக்கிறீங்களே, அந்த மாதிரி.”

“நடுவரே, என்ன இது!”

“உதாரணம் சரியா இருக்கு அத்தான்.”

கடைசிச் சுற்று ஓபரா. அது அக்காவின் கோட்டை. சிரித்துக்கொண்டே “காம்ப்ரிமாரியோ” என்றாள்.

“சின்ன வேஷத்துல பாடுறவங்க.” அத்தான் யோசிக்கவே இல்லை. “இப்ப நீ சொல்லு. சிட்ஸ்புரோப.”

“தெரியலங்க, நீங்களே சொல்லுங்க” என்றாள் அக்கா.

“வேஷம் கட்டாம, பாடுறவங்க உட்காந்துகிட்டே வாத்தியக்காரங்களோட முதல் தடவ சேர்ந்து பாடிப் பாக்குறது.”

கைப்பேசியில் தேடினேன். சரியாகவே இருந்தது. அத்தான் ஜெயித்ததாக அறிவித்தேன். அக்கா ஒரு டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

“எங்கங்க படிச்சீங்க இதெல்லாம்?”

“உன்ன ஜெயிக்கத்தான். ஒரு வாரமா கடையில உட்காந்து வீடியோவா பாத்தேன்.” தொலைக்காட்சியைப் போட்டவர் திரும்பினார். “இன்னைக்கும் உட்காந்துதான் பாடுவாங்களா?”

“இல்ல. முழு வேஷம் கட்டி, நடிச்சுப் பாடுவாங்க.”

அத்தான் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டை உருவிக்கொண்டார்.

“தம்பி, நீ இங்கயே பந்து பாரு. கோல் விழுந்தா மெசேஜ் போடு.”

மாலையில் இருவரும் கிளம்பிப் போனார்கள். ஆட்டம் கோல் எதுவும் விழாமல் முடிந்தது.