கேட்டதற்கு ஒரு ‘ஓம்’

சில வருடங்களுக்கு முன், ஆடி அமாவாசைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கீரிமலைக்குப் போகும் வழியில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டிய இடத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. சிவில் பொறியியலில் அனுபவம் ஐந்து மாதம்.

அச்சுப் பிழை இல்லை. அதற்கு முன் பதினைந்து வருடம் ரியூட்டரிகளில் கணிதம் படிப்பித்தேன். என்னிடம் படித்தவர்கள் பொறியியலாளர்களாகி, காரின் கண்ணாடியை இறக்கி ‘எப்பிடி சேர் சுகம்?’ என்று கேட்டுவிட்டுப் போகத் தொடங்கியபோது எனக்கும் ஆசை வந்தது. வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு, பகுதிநேரமாக ஒரு டிப்ளோமா படித்தேன். அங்கே என்னைவிட வயது கூடியது சுவரில் தொங்கிய மணிக்கூடு ஒன்றுதான். பிறகு ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. முடிவில் பொறுப்பான பொறியியலாளர் நல்லதாக ஒரு கடிதம் தந்தால் நிரந்தர வேலை. தராவிட்டால் மறுபடியும் ரியூட்டரி. அங்கே என் கதிரையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பொறியியலாளர் இருபத்தேழு வயதுப் பெண். முதல் நாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “அங்கிள், ஆரைப் பாக்க வந்தனீங்கள்?” என்றார். “உங்களைத்தான் மிஸ். வேலை பழக வந்தனான்” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து நான் ‘அண்ணை’.

டிப்ளோமாவால் முடியாத காரியத்தை என் நரையும் வயிறும் செய்து முடித்தன. கல் ஏற்றி வரும் லொறிக்காரர் முதல் கோயிலுக்குப் போகும் பெரியவர்கள் வரை எல்லோரும் என்னைத்தான் பெரிய இஞ்சினியர் என்று நினைத்தார்கள். ஒருவர் மிஸ்ஸைக் காட்டி, “உவ உங்கட மகளோ?” என்றுகூடக் கேட்டார். எனக்கென்று ஒரு கதிரை வந்தது. திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தரிப்பிடம் சின்னதுதான். பின்பக்கம் இரண்டு தூண். அவற்றிலிருந்து கொங்கிறீற் கூரை ஒன்று முன்னால் நீண்டு அந்தரத்தில் நிற்கும். முன்பக்கம் தாங்க ஒன்றும் இல்லை. மிஸ்ஸுக்கு வேறிடத்தில் வேலை இருந்ததால் கம்பி கட்டுவதைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கட்டியவர் குருநகர்ப் பெண் ஒருவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நான் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன், கொஞ்சம் இளமையாக இருக்குமே என்று. சின்ன வயதிலிருந்து கிழிந்த மீன்வலை பொத்திய கை. கம்பியில் முடிச்சு விழும் வேகத்தை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். தடித்த கம்பிகள் கூரையின் மேற்பக்கமாக இருந்தன. நான் படித்த கூரைகளில் எல்லாம் முக்கியமான கம்பி கீழேதான். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். ஆகவே, வரைந்தவர் பிழை விட்டுவிட்டார். தாளில் பிழையைக் கண்டால் சும்மா விட எனக்கு வராது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, பிழை என்று ஒரு புள்ளடி போட்டு, ‘கீழே’ என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

“அக்கா, பெரிய கம்பி கீழை வரவேணும்.”

“மேலை இல்லையோ சேர்?”

“கீழை. படத்திலை பிழை. நான் திருத்திப்போட்டன்.”

அவர் என்னை ஒருமுறை, என் நரையை ஒருமுறை பார்த்தார். “ஓம்” என்றார்.

அடுத்த நாள் காலை கொங்கிறீற் போடுவதாக இருந்தது. ஏழு மணிக்குப் போய் ஏணியில் ஏறிப் பார்த்தால் கம்பி எல்லாம் மேலே. அக்கா கீழே உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கீழை கட்டச் சொன்னனான். நீங்களும் ஓம் எண்டனீங்கள்.”

“நீங்கள் சொன்னது காதிலை விழுந்தது எண்டதுக்குத்தான் சேர் ஓம். சரி எண்டதுக்கு இல்லை.”

பிறகு பொறுமையாகச் சொன்னார். “கையை முன்னுக்கு நீட்டி ஒரு வாளி தண்ணியைப் பிடியுங்கோ. தோளிலை எந்தப் பக்கம் இழுக்குது? மேற்பக்கம். இழுக்கிற பக்கம் தானே கம்பி வேணும்?”

“அது வாளி. இது கூரை” என்றேன். பெரிய இஞ்சினியர் அல்லவா.

எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வாயெடுத்தபோது மிஸ்ஸின் ஸ்கூட்டி வந்து நின்றது. ஏறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “வடிவாய்க் கட்டுவிச்சிருக்கிறியள் அண்ணை. புதுசா வாற ஆக்கள் இதிலைதான் கூடப் பிழை விடுறவை. கீழை போட்டுடுவினம். கீழை முட்டுக் குடுத்த தடியளைக் கழட்டினவுடனை முழுக்கூரையும் ஆக்களின்ரை தலையிலை வந்திடும்.”

கூரைக்குக் கீழே நின்ற நான் ஓரடி வெளியே வந்தேன். “ஓம் மிஸ்” என்றேன்.

“படத்தைத் தாங்கோ, கையெழுத்து வைச்சிட்டு வேலையைத் துவங்குவம்.”

படம் என் சட்டைப்பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது, சிவப்பு அடிக்கோட்டோடு. கீரிமலைக் கடல்காற்று அன்று நன்றாகத்தான் வீசியது. பறந்துவிட்டது என்றால் யாரும் நம்புவார்கள். அக்காவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. திட்டியிருந்தால்கூடப் பொய் சொல்லியிருப்பேன். அந்த மௌனத்துக்கு முன்னால் முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மிஸ் புள்ளடியைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். “அப்ப ஆர் இதை மேலை கட்டச் சொன்னது?”

“நான் கீழை எண்டனான் மிஸ். அக்காதான் கேக்கேல்லை.”

“கேட்டனான்” என்றார் அக்கா. “செய்யேல்லை.”

கொங்கிறீற் குழைக்க வந்தவர்கள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. “காத்திலை பறந்திட்டுது எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை?”

“யோசிச்சனான் மிஸ்.”

இப்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தீர்ப்பு மாறவில்லை. “கடிதம் இப்ப எழுதேலாது. ஒரு மாதம் அக்காவோடை இருந்து கம்பி கட்டுங்கோ. அவ ஓம் எண்டால் எழுதுறன்.”

“எந்த ஓம் மிஸ்?”

“அதை நான் பாத்துச் சொல்லுறன்” என்றார் அக்கா.

கதிரை போயிற்று. அடுத்த வேலை ஒரு மதகு. வெயிலில் குந்தியிருந்து முடிச்சுப் போட்டேன். அக்கா பின்னால் வந்து, என் முடிச்சுகளைக் குறட்டால் வெட்டிக்கொண்டே போவார். பதினைந்து வருடம் என் சிவப்புப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மனநிலை எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்றாவது கிழமை ஒரு வரிசையை வெட்டாமல் தாண்டிப் போனார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன். “வெட்டாமல் விட்டதுக்கோ உந்தச் சந்தோசம்?” என்றார். ஓம், அதற்குத்தான். மாத முடிவில் கடிதமும் கிடைத்தது.

ஆடி அமாவாசை அன்று பிதிர்க்கடன் முடித்து வந்த சனம், தலை ஈரம் காயாமல், அந்தக் கூரை நிழலில் நெருக்கியடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தது. நானும் எதிர்ப்பக்கம் வெயிலில் நின்று அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குக் கீழேயும் நாலைந்து பேர் வேலை பழகுகிறார்கள். கடிதம் எழுதுவதும் நான்தான். ஆனாலும் அந்த வழியால் போகும்போதெல்லாம், அந்த நிழலில் நிற்கிறவர்கள் என் சொல்லை ஒருத்தி கேட்காமல் விட்டதால்தான் பத்திரமாக நிற்கிறார்கள் என்பதை எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.