அமெரிக்க அம்மாவுக்கு ஆம்பூரிலிருந்து ஒரு பதில்

1. நிற்க வைத்த நாள்

முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கு மேனேஜர் ரூமில் நாற்காலி கிடைக்காமல் போனது ஒரே ஒரு தடவைதான். ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. தோல் மண்டியில் மூட்டை தூக்கி, தோல் பதனிடுகிற டேனரியில் தண்ணீரில் நின்று, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செலக்ஷன் மேஸ்திரி ஆனவன் நான். தோலைத் தடவிப் பார்த்து ஒண்ணாம் கிரேடா மூணாம் கிரேடா என்று சொல்வது என் வேலை. டிப்ளமா படித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் "மேஸ்திரி, ஒரு கை வைங்க" என்று என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவனை நிற்க வைத்தார்கள் என்றால் விஷயம் பெரிசு.

மேனேஜர் மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். எக்ஸ்போர்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். அழுது முடித்த முகம். மேனேஜர் ஒரு பட்டனைத் தட்டினார். உள்ளேயிருந்து என் குரல் வந்தது.

"உண்ணி கடிச்ச வடு, முள்ளு கீறின கோடு, எதை எங்க மறைக்கணும்னு எனக்குத் தெரியும்மா. வெள்ளைக்காரன் பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கண்டுபுடிக்க மாட்டான்!"

"இன்னா மேஸ்திரி இது?" என்றார் மேனேஜர்.

உண்மையைச் சொல்கிறேன், குரல் கணீரென்று விழுந்திருக்கிறதே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

2. பஸ்ஸில் கூடிய சபை

இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது. மாதனூரிலிருந்து ஆம்பூருக்கு எங்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்ஸில் கபூர் பாய் டிரைவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு சி.டி. அதைக் கேட்டுக் கேட்டு ஜனங்கள் பேஜாராகிப் போன சமயத்தில் எஸ்தர் ஒரு சி.டி. கொண்டுவந்தாள்.

"இது பாட்காஸ்ட் மேஸ்திரி. அமெரிக்காவுல இருக்கற நம்ம தமிழ்க்காரங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், நம்ம ஊர் பழக்கவழக்கத்தப் பத்திப் பேசி இன்டர்நெட்ல போடறாங்க. நான் எடுத்து சி.டி.ல ஏத்தினேன்."

ரேடியோதான். ஆனால் ஸ்டேஷனும் கிடையாது, இத்தனை மணிக்கு என்ற கணக்கும் கிடையாது. அந்த அம்மா நன்றாகப் பேசுவார். அவர் வீட்டுக்காரர் "ஆமாம், ஆமாம்" என்பார். குடும்பம் நன்றாக நடக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அவர்கள் பேசப் பேச, பஸ்ஸில் பதில் பறக்கும். இந்தியாவில் கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது என்று அந்த அம்மா ஒரு நாள் வருத்தப்பட்டார். தையல் லைனில் வேலை செய்கிற மேரி பின்சீட்டிலிருந்து கத்தினாள்: "அட்ரஸ் குடும்மா, என் மாமியார பார்சல் பண்றேன்! நீயே கூட்டா இருந்துக்கோ!"

"பஸ்ஸுக்குள்ள கத்தினா அமெரிக்காவுக்குக் கேக்குமா?" என்பார் கபூர் பாய்.

ஒரு வாரம் தோல் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். "அந்த ஊர்களில் மக்கள் நாற்றத்தோடு வாழப் பழகிவிட்டார்கள். செய்கிற வேலையை வெளியே சொல்லவே கூச்சப்படுகிறார்கள். பாவம்" என்றார் அந்த அம்மா.

மேரிதான் முதலில் ஆரம்பித்தாள். "கூச்சமா? எனக்கா? நான் கம்பெனி கார்ட கழுத்துல மாட்டிக்கினு சர்ச்சுக்கே போறேன்!"

"முழுசும் பொய்யின்னும் சொல்ல முடியாதுக்கா," என்றாள் எஸ்தர். "என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க, ஷூ கம்பெனியான்னு மூக்கச் சுளிச்சுக்கினுதான் எழுந்து போனாங்க."

"அவங்க காலுல இன்னா போட்டுக்கினு வந்தாங்க, வாழ இலையா?" என்று கேட்டேன். பஸ் சிரித்தது. எஸ்தரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் வம்பு தொடங்கியது. நிகழ்ச்சி முடிவில் அந்த அம்மா, "உங்கள் பதிலைப் பேசி அனுப்புங்கள்" என்பார். அன்றைக்கு மொத்த பஸ்ஸும் என்னைத்தான் பார்த்தது.

3. லெதர் ஸ்டோரில் ஒரு பேச்சு

சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் ஆபீஸ் மைக்கைக் கொண்டுவந்தாள். தோல் அடுக்குகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பதனிட்ட தோலில் நாற்றம் இல்லை, மோந்து பார்த்துவிட்டுப் பேசு என்றேன். பாவம் என்ற சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே மேரியும் நாலைந்து பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படி நிறுத்துவது? பூதக்கண்ணாடி வரைக்கும் போய்விட்டேன்.

நான் செய்த தப்பு இதுதான். அமெரிக்க நிகழ்ச்சி எனக்கு பஸ்ஸில்தான் கேட்கும். அதனால் என் பதிலும் அந்த அம்மா காதுக்குப் போய், அங்கிருந்து நேராக எங்கள் பஸ்ஸுக்குத் திரும்பி வரும் என்று நினைத்துவிட்டேன். நடுவில் உலகம் இருக்கிறது என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த அம்மா என் பேச்சை அப்படியே நிகழ்ச்சியில் போட்டுவிட்டார். ஜெர்மனியில் எங்களிடம் ஷூ வாங்குகிற பையரின் ஆபீசில் ஒரு தமிழ்ப் பையன் வேலை பார்த்தான். அவனும் அந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவன். ஆம்பூர், செலக்ஷன், மறைப்பது என்று மூன்று சொல் போதாதா? தன் மேலதிகாரியிடம் சொன்னான். பையர் ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டு, குறையுள்ள தோலை ஒளித்து அனுப்புகிறீர்களா என்று கேட்டு மெயில் போட்டுவிட்டார்.

4. சொல்ல வராத ஒரு சொல்

"ஆபீஸ் இன்டர்நெட், ஆபீஸ் மைக். எல்லாம் இந்தப் பொண்ணு பண்ண வேல," என்றார் மேனேஜர். "இன்னியோட வேலைய விட்டு நிறுத்தச் சொல்லி மேல இருந்து ஆர்டர்."

பேசியது நான். போகச் சொன்னது அவளை. ஏன் என்று எனக்குத் தெரியும். நான் போனால் மறுநாள் கட்டிங் நின்றுவிடும். எஸ்தர் போனால் இன்னொரு எஸ்தர் வருவாள். அவள் சம்பளத்தில்தான் தங்கை வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பையரோட ஸ்பெக் ஃபைல எடுங்க," என்றேன்.

எடுத்தார். அதில் ஷூ படம் போட்டு, எந்தத் துண்டு எப்படி இருக்கவேண்டும் என்று குறித்திருக்கும். முன்பாகம் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும். இரண்டு காலும் ஒன்றையொன்று பார்க்கிற உள்பக்கத் துண்டில் மட்டும், ஆறிப்போன சின்ன வடு இருக்கலாம். நான் சில்வர் பேனாவால் வடுவைச் சுற்றி வட்டம் போடுவேன். கட்டிங்கில் அந்த வட்டம் உள்பக்கத் துண்டில் விழுகிற மாதிரி வெட்டுவார்கள். ஒளிவு மறைவே கிடையாது. மாட்டுக்கு உண்ணி கடிக்கும் என்பது ஜெர்மன்காரனுக்கும் தெரியும்.

"இது எனக்குத் தெரியாதாய்யா? நீ மறைக்கிறேன்னு இல்ல சொல்லியிருக்கே?"

"அது..." என்று இழுத்தேன். எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நான் பீத்திக்கினது சார்."

"என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? உலகமே கேட்டுச்சு."

"அப்ப உலகத்துக்கே சொல்றேன். மைக்க வைங்க. ஆனா இந்தப் பொண்ணுதான் ரெகார்டு பண்ணணும். வேற யார் பண்ணாலும் எனக்குப் பேச்சு வராது."

மேனேஜர் என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் எஸ்தரிடம், "உக்காரும்மா, போடு" என்றார். எனக்கு நாற்காலி காட்டவில்லை. நின்றே பேசினேன்.

"அம்மா, போன தடவ பேசின அதே ஆம்பூர் ஆளுதான். மறைக்கிறேன்னு சொன்னது வாய்ப்பேச்சு. வடு இருக்கும். எங்க இருக்கணும்னு பையர் சொல்றாரோ அங்க இருக்கும். உங்க ஷூவ எடுத்து உள்பக்கத்தப் பாருங்க. இருந்தா, ஒரு ஆளு பாத்துத்தான் அங்க வச்சிருக்கான்னு அர்த்தம். கூச்சப்பட அதுல ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல, இத ரெகார்டு பண்ற பொண்ணுக்கும் இல்ல."

5. திரும்பி வந்தது

அந்தப் பேச்சு அமெரிக்காவுக்கும், ஸ்பெக் பக்கத்தோடு ஜெர்மனிக்கும் போனது. பையரின் இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்தார். வடு எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆர்டர் நகர்ந்தது. அவர் போகும்வரை எஸ்தரை நிறுத்துவதைத் தள்ளிப்போட்டிருந்த மேனேஜர், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆபீஸ் இன்டர்நெட்டுக்கு மட்டும் பூட்டு விழுந்தது. எஸ்தர் பிரவுசிங் சென்டருக்குப் போய் சி.டி. போட்டு வந்தாள்.

பஸ்ஸில் கபூர் பாய் அதைப் போட்டார். அந்த அம்மா பேசினார். "நான் ரெண்டு வருஷமா போடற ஷூ. உள்பக்கத்துல கடுகளவு ஒரு தழும்பு. இத்தனை நாள் பார்த்ததே இல்லை. பாவம்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஐயா, இது உங்க கைதானா?"

அவர் வீட்டுக்காரர் "ஆமாம்" என்றார்.

மொத்த பஸ்ஸும் என் பக்கம் திரும்பியது. அந்த ஷூ எந்த நாட்டில் தைத்ததோ எனக்கு எப்படித் தெரியும்?

"என் கைதான்," என்றேன்.

"இப்பதான பீத்திக்கினேன்னு ஒத்துக்கினே மேஸ்திரி!" என்று மேரி கத்தினாள்.

எஸ்தர் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப அத ரெகார்டு பண்ணி அனுப்பட்டுமா?"

"வாணாம்மா. இது பஸ்ஸுக்குள்ளயே இருக்கட்டும்."

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெருமை பேசாதே என்று சொல்ல மாட்டேன். எனக்கே அது முடியவில்லை. ஆனால் பேசுவதற்கு முன்னால், அதற்கு விலை கொடுக்கப்போவது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார். நீயாக இருந்தால், தாராளமாகப் பேசு.